பட்டாணிக்கு எத்தனை அடி?

பச்சோந்தி என்றதும் உங்களுக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்திருப்பார். எனக்கும் வந்தார். லேப்பில் நம்மோடு சேர்ந்து ரீடிங்கை எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிவிட்டு, வைவாவில் "நான் அப்பவே சொன்னேன் சார்" என்று ஒரே நொடியில் கலர் மாறினாரே, அவரேதான். இந்தக் கட்டுரை அவரைப் பற்றி இல்லை, பயப்பட வேண்டாம். நிஜப் பச்சோந்தி ஒன்றைப் பற்றியது. ஒரு குட்டிப் பச்சோந்திக்கு எவ்வளவு பெரிய கூண்டு வேணும் என்று என்னிடம் ஒருவன் கேட்டான். நான் ரெண்டே நிமிஷத்தில் பதில் சொன்னேன். அந்தப் பதில் அதைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது.

ஆரம்பிக்கும் முன்னாடியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரம் பச்சோந்தி பிடிக்கக் கிளம்பாதீங்க. ஏன் என்று கடைசியில் வரும்.

போன மே மாதம். ஆறாவது செமஸ்டர் பரீட்சை. மறுநாள் ஹீட் அண்ட் மாஸ் ட்ரான்ஸ்ஃபர். ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வீடியோ காலில் வந்தான். அவன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். அங்கே அப்போது காலை பதினொன்றரை.

"டேய், ஒரு டவுட்டு. இதைப் பாரேன்."

திரையில் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சை உயிர். மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும் 15 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு கண் அண்ணனைப் பார்க்கிறது, இன்னொரு கண் போனைப் பார்க்கிறது. கூட இருந்த ரூம்மேட் படிப்பை முடித்து வேறு ஊருக்குப் போகிறானாம். போகிற அவசரத்தில் வாங்கி ரெண்டு வாரமே ஆன இதை இவன் தலையில் கட்டிவிட்டான். வயசு ரெண்டரை மாசம். ஆண். வெய்ல்டு கமீலியன் என்று பேர். ஏமனும் சவூதியின் தென்மேற்கு மூலையும் இதற்குச் சொந்த ஊர். தலையில் முக்காடு போட்ட மாதிரி ஒரு கொண்டை வளரும், அதனால் அந்தப் பேர். அங்கே கடைகளில் விற்பதெல்லாம் பெரும்பாலும் பண்ணையில் பிறந்த குட்டிகள்.

"பேர் வச்சிட்டேன். பட்டாணி," என்றான் அண்ணன். "விஷயம் என்னன்னா, பழைய மீன் தொட்டி ஒண்ணு சும்மா கிடக்கு. பத்து கேலன். இது போதுமா, இல்ல பெரிசா வாங்கணுமா? நீதான மெக்கானிக்கல்."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அது ரொம்ப ஆபத்தானது. உங்களையும் வீட்டில் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்கள். மிக்ஸி ஓடவில்லை என்றால் "நீதான இ.இ.இ." என்பார்கள். அந்த நேரத்தில் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது.

நான் கணக்குப் போட்டேன். பத்து கேலன் தொட்டி என்றால் சுமார் 50 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 30 உயரம். ஏறக்குறைய 38 லிட்டர். பிராணி 15 சென்டிமீட்டர். நீளத்தில் மூணு பங்குக்கு மேல் இருக்கிறது. "தாராளமா போதும்ணே. குட்டிதானே. பெரிய கூண்டுல விட்டா இரை எங்க இருக்குன்னே தெரியாம முழிக்கும். வளர்ந்தப்புறம் மாத்திக்கலாம். மேல ஒரு பல்பு, கீழ ஒரு கிண்ணத்துல தண்ணி. முடிஞ்சுது."

அவன் நிம்மதியாகப் போனை வைத்தான். நானும் நிம்மதியாகப் புத்தகத்தைத் திறந்தேன். மறுநாள் கன்வெக்ஷன் கணக்கு ஒன்று வந்தது. சரியாகவே போட்டேன்.

அஞ்சாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் போன் அடித்தது. அண்ணன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "டேய், இது வாயைத் திறந்துக்கிட்டே இருக்குடா. மூட மாட்டேங்குது."

பார்த்தேன். பட்டாணி பச்சையாகவே இல்லை. வெளிறிப் போய், உரித்த வெங்காயம் மாதிரி ஒரு நிறம். கிளையில் இல்லை, தொட்டியின் தரையில், மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடியிருந்தது. நாலு நாளாக முந்தின நாள் போட்ட சிள்வண்டுப் பூச்சிகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தனவாம். தண்ணிக் கிண்ணம் வைத்த மேனிக்கு இருந்தது.

"டெம்பரேச்சர் என்ன?" என்றேன். இந்தக் கேள்வியை அஞ்சு நாளைக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டும். அவனிடம் சமையலுக்கு வைத்திருந்த தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. பல்புக்குக் கீழே கிளையில் வைத்தான்: 37. எதிர்ப் பக்கம், இருப்பதிலேயே தள்ளி இருந்த மூலையில் வைத்தான்: 34. வீட்டுக்குள் ஏ.சி. ஓடுகிறது, அறையில் 24 டிகிரி. தொட்டிக்குள் மட்டும் அக்னி நட்சத்திரம்.

மூணு டிகிரி. அந்தப் பிராணிக்கு நான் கொடுத்திருந்த மொத்த சுதந்திரமே அந்த மூணு டிகிரிதான்.

பல்பை அணைக்கச் சொன்னேன். அவன் விரலை நீட்டினான், அது ஏறவில்லை. கையில் அள்ளித்தான் எடுத்தான். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் மறுநாள் காலைக்குத்தான் இடம் கிடைத்தது. அன்று ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டவில்லை. "நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன், எங்க தப்பு விட்டேன்னு தெரியல," என்றான்.

மருத்துவர் பட்டாணியைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்ட முதல் கேள்வி, "கூண்டோட ஃபோட்டோ இருக்கா?" என்பதுதானாம். ஃபோட்டோவைப் பார்த்ததும், "இனி இதுக்கு என்ன வியாதின்னு தனியாத் தேட வேண்டாம்" என்றிருக்கிறார். உடம்பில் நீர் வற்றியிருந்தது. அதற்கு மருந்து ஏற்றி, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சிரமம் என்று சொல்லி அனுப்பினார்.

என்ன தப்பு என்று நான் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க வெட்கமாக இருந்தது, ஏனென்றால் எல்லாமே நான் பரீட்சையில் எழுதின விஷயம்.

நமக்கு உள்ளே ஒரு அடுப்பு எரிகிறது. வெளியே 20 டிகிரியோ 40 டிகிரியோ, உடம்பு 37-லேயே நிற்கும். பச்சோந்திக்கு அந்த அடுப்பு கிடையாது. அதன் உடம்புச் சூடு என்பது அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. குளிர்ந்தால் வெயிலுக்கு நகரும், சுட்டால் நிழலுக்கு நகரும். நமக்கு வேர்வை செய்கிற வேலையை அதற்குக் கால்கள் செய்கின்றன. அப்படியானால் நகர இடம் இல்லாத பச்சோந்தி என்பது வேர்வைத் துளையை எல்லாம் அடைத்துவிட்ட மனுஷன் மாதிரி.

கண்ணாடித் தொட்டியில் அஞ்சு பக்கம் அடைப்பு. மேலே பல்பு. சூடான காற்று மேலே போகும் என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். மேலேதான் பல்பும் இருக்கிறது. கீழேயிருந்து புதுக் காற்று உள்ளே வர வழியே இல்லை. 38 லிட்டர் காற்று கொஞ்ச நேரத்தில் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். இதே பல்பை நாலு பக்கமும் வலை போட்ட உயரமான கூண்டின் மேல் வைத்தால் கதை வேறு. பல்பின் கதிர்வீச்சு படுகிற கிளை மட்டும் சுடும். சுற்றியுள்ள காற்று வலை வழியாக வந்து போய்க்கொண்டே இருக்கும். கீழே போகப் போகக் குளிர்ச்சி. ஒரே கூண்டுக்குள் சித்திரையும் மார்கழியும் இருக்கும்.

வெளிச்சமும் அப்படித்தான். பச்சோந்திக்கு யூ.வி.பி. கதிர் வேண்டும். அது இருந்தால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் கால்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் வளர்கிற வயசில் எலும்பு மெத்தென்று வளைந்துபோகும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்றால், போதாது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதற்கென்று உள்ள குழல் விளக்குதான் வேண்டும். அது கிட்டே இருந்தால் அதிகம், தள்ளிப் போனால் குறைவு. ஒரு புள்ளி விளக்குக்கு, தூரம் இரண்டு மடங்கானால் செறிவு கால் பங்காகும் என்பது ப்ளஸ் டூ பாடம். நீளக் குழலுக்கு அது அப்படியே பொருந்தாது, ஆனால் தள்ளிப் போனால் குறையும் என்பது மாறாது. 30 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் எங்கே தள்ளிப் போவது?

இதில் ஒரு அழகான சேதி படித்தேன். மடகாஸ்கரில் வாழும் பேந்தர் கமீலியன்களை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டில் டி3 குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள், யூ.வி. வெளிச்சத்தை அதிகமாகத் தேடிப் போய் உட்கார்ந்தனவாம். எவ்வளவு வெளிச்சம் வேணும் என்று அதற்கே தெரிந்திருக்கிறது. நாம் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. தேடிப் போக இடம் கொடுத்தால் போதும்.

தண்ணிக் கிண்ணமும் என் முட்டாள்தனம்தான். பச்சோந்தி பெரும்பாலும் தேங்கிய தண்ணியைக் கண்டுகொள்ளாது. இலையில் உருண்டு சொட்டுகிற துளியைத்தான் நக்கிக் குடிக்கும். இலை வேண்டும் என்றால் செடி வேண்டும், செடி வேண்டும் என்றால் இடம் வேண்டும். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அந்த நிறம்? பச்சோந்தி பின்னணிக்கு ஏற்றபடி நிறம் மாற்றும் என்பது நம் எல்லார் தலையிலும் ஏறிப்போன பாதி உண்மை. சூடு, குளிர், பயம், கோபம், ஜோடி சேரும் ஆசை, இதெல்லாம்தான் பெரும்பாலும் நிறத்தை மாற்றுகிறது. தோலுக்குள் நானோ அளவுப் படிகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி மாறினால் பிரதிபலிக்கிற நிறமும் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழகக் குழு 2015-ல் காட்டியது. பட்டாணி வெளிறிப் போனதற்குக் காரணம், வெளிர் நிறம் சூட்டைக் குறைவாக வாங்கும். அது நகர முடியாத இடத்தில் தன் சட்டையையாவது மாற்றிப் பார்த்திருக்கிறது. அஞ்சு நாளாக அது உடம்பு முழுக்க எழுதிக் காட்டியிருக்கிறது. நாங்கள்தான் "அட, கலர் மாறுதுடா" என்று ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் உறைத்தது. அண்ணன் முதலில் கூப்பிட்ட அன்று நான் ஏன் மொட்டை மாடியில் இருந்தேன்? ரூமில் நாலு பேர், ஒரு ஃபேன், மே மாச வெக்கை. நான் அஞ்சடி ஏழங்குலம். கட்டில் ஆறடிக்கு மூணடி. என் கணக்குப்படி எனக்குக் கட்டிலே தாராளம். ஆனாலும் எழுந்து, மூணு மாடி ஏறி, காத்து வருகிற இடம் தேடிப் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் "அதுக்கு இது போதும்ணே" என்று சொல்லியிருக்கிறேன்.

சரி, அப்புறம் என்ன செய்தோம்?

மருத்துவரிடம் போய் வந்த அன்றைக்கே புதுக் கூண்டுக்கு எங்கே போவது? அண்ணன் வீட்டில் வலைத்துணியால் ஆன அழுக்குத் துணிக் கூடை ஒன்று இருந்தது. மடக்கி வைக்கிற ரகம். அதைக் காலி பண்ணி, ரூம்மேட் விட்டுப் போன மணி பிளான்ட்டைத் தொட்டியோடு உள்ளே வைத்து, ரெண்டு குச்சியைக் குறுக்கே சொருகி, பட்டாணியை விட்டான். விளக்கை வலைத்துணியில் படாமல் தனி ஸ்டாண்டில் தள்ளி வைத்தான். கைத்தெளிப்பானால் இலையில் தண்ணி தெளித்தான். கொஞ்ச நேரத்தில் பட்டாணி ஒரு கண்ணைத் திறந்தது. அப்புறம் இலை நுனியில் தொங்கிய துளியை நக்க ஆரம்பித்தது. அண்ணன் அதைப் பதினாலு நிமிஷம் வீடியோ எடுத்திருக்கிறான். பதினாலு நிமிஷமும் நான் பார்த்தேன்.

இப்போது பழைய கேள்வி மறுபடியும் வந்தது. எத்தனை அடி?

இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. படித்தேன். வளர்ந்த ஆண் வெய்ல்டு கமீலியன் வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். ஒரு வருஷத்துக்குள் கிட்டத்தட்ட முழு வளர்ச்சி. பெரியதற்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு ரெண்டடி நீளம், ரெண்டடி அகலம், நாலடி உயரம். 16 கன அடி, அதாவது 450 லிட்டருக்கு மேல். நான் கொடுத்ததைப் போலப் பன்னிரண்டு பங்கு. குட்டிக்கு என்று 16 அங்குலம் நீள அகலமும் 20 அல்லது 30 அங்குல உயரமும் உள்ள வலைக் கூண்டுகள் உண்டு.

குட்டியை முதலில் சின்ன வலைக் கூண்டில் வைக்கலாமா, எடுத்ததுமே பெரிய கூண்டா? இதில் வளர்ப்பவர்களிடையே ரெண்டு கட்சி. நேர்மையாகச் சொன்னால் ரெண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. சின்னக் கூண்டுக் கட்சி சொல்வது: குட்டி சாப்பிடுகிறதா, எச்சம் போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்; பெரிய கூண்டில் போட்ட பூச்சிகள் மூலைக்கு மூலை ஓடிவிடும். பெரிய கூண்டுக் கட்சி சொல்வது: பூச்சி ஓடுவது பூச்சியின் பிரச்னை; அதை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கிளைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டால் தீர்ந்தது. பிறந்ததும் வெட்டவெளியில் வாழ்கிற பிராணிக்கு நாலடி எப்படிப் பெரிசாகும்? வெறும் கூண்டாக இருந்தால்தான் அது மிரளும். செடியால் நிரப்பிவிட்டால் அது கூண்டாகவே இருக்காது.

நான் ஆரம்பத்தில் அள்ளிவிட்டேனே, "பெரிய கூண்டுல இரை தெரியாம முழிக்கும்" என்று, அது சின்னக் கூண்டுக் கட்சியின் வாதம்தான். எங்கேயோ காதில் விழுந்ததை நான் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் சொன்னது காற்றோட்டமான வலைக் கூண்டை. நான் அதைக் கண்ணாடித் தொட்டிக்குப் பொருத்திவிட்டேன். பாதி கேட்டுவிட்டு முழுசாகப் பதில் சொல்வதில் நாம் எல்லாரும் கில்லாடிகள்.

அண்ணன் மருத்துவரையே கேட்டான். அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "பதினாறுக்குப் பதினாறுக்கு முப்பது அங்குலக் கூண்டும் தப்பில்லை, சில மாசத்துக்கு. ஆனா சில மாசம் கழிச்சு நீங்க நிஜமாவே மாத்துவீங்களா?"

அண்ணன் என்னிடம் சொன்னான்: "மாத்த மாட்டேன்டா. ஸ்டைபெண்டு வர்ற லட்சணத்துக்கு, அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிக்கிட்டே இருப்பேன்." அரியர் வைத்திருக்கிற எவருக்கும் இந்த உண்மை புரியும். பெரிய கூண்டே வாங்கினோம்.

வாங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில் அஞ்சு கேள்வி எழுதினேன். கூண்டுக்குள் உச்சிக்கும் அடிக்கும் நிஜமான சூட்டு வித்தியாசம் வருமா? குட்டிக்கு வெயில் காயும் கிளையில் 28 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். அடியில் அறையின் சூட்டுக்கு வர வேண்டும். யூ.வி. குழலுக்குக் கீழே கிட்ட, நடு, தூரம் என்று மூணு மட்டத்தில் உட்காரக் கிளை இருக்குமா? நாலு பக்கமும் காற்று போய்வருமா? நாம் அறைக்குள் வந்தால் முழு உடம்பையும் மறைத்துக்கொள்ள இலை இருக்குமா? ஒரு வருஷம் கழித்தும் அது திரும்பி நிற்க, வால் விரிக்க இடம் இருக்குமா? அஞ்சுக்கும் ஆமாம் என்று வந்தால் அந்த அளவு சரி. இதில் ஒரு கேள்வியில்கூட "பிராணி இன்றைக்கு எத்தனை சென்டிமீட்டர்" என்பது வரவில்லை, கவனித்தீர்களா?

செடிக்கு அம்மாவைக் கேட்டோம். "செம்பருத்தி வைடா, அதுபாட்டுக்கு இலையைத் தின்னாலும் ஒண்ணும் பண்ணாது. அரளி மட்டும் கிட்டயே கொண்டுபோயிராத," என்றாள். அம்மா பச்சோந்தி வளர்ப்பைப் பற்றி ஒரு வரிகூடப் படித்தவளில்லை. வெய்ல்டு கமீலியன் இலையையும் கடித்துத் தின்னும், அதற்கு ஆகிற செடிகளில் செம்பருத்தியும் ஒன்று என்பதை நான் ரெண்டு நாள் தேடி அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

புதுக் கூண்டுக்குப் போன பிறகு அண்ணன் தினம் நாலு ஃபோட்டோ அனுப்பினான். அது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று நான் எக்செலில் குறித்தேன். முதல் ரெண்டு நாள் இலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அப்புறம் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை எட்டு மணிக்கு உச்சிக் கிளை. உடம்பைத் தட்டையாக்கி, கருத்த பக்கத்தை விளக்குக்குக் காட்டி வெயில் காயும். பத்தரைக்குப் பச்சை திரும்பிவிடும். பாதி உடம்பு இலைக்குள். மத்தியானம் நடு மட்டம். சாயங்காலம் விளக்கு அணைகிறதற்கு முன்னாலேயே, தினம் அதே வெளிக்கிளை, அதே இடம், வாலைச் சுருட்டிக்கொண்டு தூக்கம். யாரும் அதற்கு டைம்டேபிள் போட்டுக் கொடுக்கவில்லை. மருத்துவரிடம் போன அன்று 18 கிராம் இருந்தது, ஒரு மாசத்தில் 31 கிராம் ஆனது.

ஜூலையில் ஒரு நாள் அண்ணன் காலேஜில் இருந்தபோது அபார்ட்மென்ட் ஏ.சி. நின்றுபோனது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் அறையே 33 டிகிரி. மேலே விளக்கு வேறு எரிகிறது. ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறான். உச்சிக் கிளை காலி. நடுக் கிளை காலி. பட்டாணி அடியிலும் அடியில், செடித்தொட்டி விளிம்பை ஒட்டின கடைசிக் குச்சியில், ஈர மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவனைப் பார்த்ததாம். வாய் மூடியிருந்தது. பழைய தொட்டியாக இருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். டிசைன் பாடத்தில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று ஒன்று படிக்கிறோம். தாங்க வேண்டிய சுமைக்குச் சரியாக அல்ல, அதைவிடப் பல மடங்கு தாங்கும்படி அளவு வைக்க வேண்டும். ஏனென்றால் நாளைக்கு என்ன வரும் என்று வரைகிறவனுக்குத் தெரியாது. அந்த நாலடியில் மூணடி, எல்லாம் நல்லபடியாக நடக்கிற நாளுக்குத் தேவையில்லாததாகத் தெரியலாம். ஏ.சி. நிற்கிற நாளுக்குத்தான் அது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். ஐப்பசி மழை பெய்து வேலியெல்லாம் பச்சை. எட்டாவது படிக்கிற சித்தப்பா பையன் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். மேலே தாம்பாளம் போட்டு மூடியிருந்தது. திறந்தால் நம்ம ஊர்ப் பச்சோந்தி. பயத்தில் கருத்து, உடம்பை உப்பி, சீறிக்கொண்டு. பசங்க கல்லெடுத்து அடிக்கப் போனார்களாம், கடித்தால் விஷம் என்று. இவன் குறுக்கே பாய்ந்து காப்பாற்றிக் கொண்டுவந்துவிட்டான். பச்சோந்திக்கு விஷமே கிடையாது என்று நான் சொன்னது அவனுக்குப் பெரிய வெற்றி.

"ண்ணே, நீ அமெரிக்காவுக்கே கூண்டு போட்டுக் குடுத்தியாமே. பெரியம்மா சொன்னாங்க. இதுக்கும் ஒண்ணு போட்டுத் தா. எத்தனை அடி வேணும்?"

மறுபடியும் அதே கேள்வி. "நீதான மெக்கானிக்கல்" மட்டும்தான் பாக்கி.

ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த விஷயம் இதுதான். நம்ம ஊர்ப் பச்சோந்தி 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். பட்டாணியின் இனமோ சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலிலுள்ள உயிருள்ள விலங்கை இந்தியாவில் வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். ஆன்லைனில் யாராவது ரகசியமாக விற்றால் எங்கேயிருந்து வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சட்டத்தை எல்லாம் எட்டாவது படிக்கிறவனுக்கு எப்படிச் சொல்வது? பட்டாணி தொட்டியில் கிடந்த ஃபோட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. அதைக் காட்டினேன். அப்புறம் புதுக் கூண்டில் வெயில் காயும் ஃபோட்டோ. ரெண்டும் ஒரே பிராணி என்று அவன் நம்பவே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பிடிச்சேனோ அங்கயே விட்ருவோம்ணே," என்றான்.

வேலி ஓரம் போய் வாளியைச் சாய்த்தோம். அது உடனே ஓடவில்லை. ஒரு கால் வைக்கும், முன்னும் பின்னும் ஆடும், அடுத்த கால் வைக்கும். கிளுவைக் குச்சியைப் பிடித்து ஏறி ரெண்டு முழம் போவதற்குள் கருப்பு கலைந்து பச்சை வந்தது. அடுத்த இலையைத் தாண்டியதும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்ப இதோட கூண்டு எத்தனை அடிண்ணே?" என்றான் பையன். நான் பதில் சொல்லவில்லை. அவனாகவே வேலியை எட்டு வைத்து அளக்க ஆரம்பித்தான். நாற்பது, நாற்பத்தொன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே போனவன், புளியமரத்துக்கிட்ட நின்று திரும்பிக் கத்தினான்:

"ண்ணே, இது ஓடை வரைக்கும் போகுதுண்ணே!"